கட்டிலுக்கு அடியில் அழுத பிள்ளை

மார்ச் 3

அதுக்கு நான்தான் கிடைச்சேனா உனக்கு? அத்தனை பெரிய ஆராய்ச்சிக்கூடம், வெள்ளைக் கோட்டு மாட்டினவங்க, தடித் தடியா கண்ணாடி போட்ட வாத்தியாருங்க, அவ்வளவு பேரையும் விட்டுட்டு, இந்தப் பொண்ணு எலிய நல்லபடியா நடத்துவான்னு எழுதிக் குடுக்க எட்டாங்கிளாஸோட நின்ன அத்தை வேணுமாக்கும்.

உன் கடிதாசிய உங்கப்பனுக்குப் படிச்சுக் காட்டினேன். முதல் தடவை எனக்கு ஒண்ணும் புரியல. ரெண்டாவது தடவை புரிஞ்சுது, அதனாலதான் கோவம். நல்லா இருக்கற எலிக்கு ஊசி போட்டு சர்க்கரை வியாதிய வரவெப்பீங்க. அப்புறம் அதோட முதுகுல நீங்களே ஒரு புண்ணு பண்ணுவீங்க. அப்புறம் களிம்பு தடவி ஆறுதான்னு பாப்பீங்க. ஆறினதும் கொன்னுடுவீங்க. இதுக்கு ஒரு படிப்பு, அந்தப் படிப்புக்கு மேல ஒரு படிப்பு, அதுக்கு மேல ஒரு லைசென்ஸ். எங்க தெருவுல பொழுதுபோகாத பசங்க ஓணானக் கல்லால அடிக்கறாங்க, அவங்களுக்கு இந்த லைசென்ஸ் விஷயம் தெரியாது பாவம்.

உங்கப்பனுக்கு ஒரு கால் போனது சர்க்கரைப் புண்ணுலதான், ஒத்துக்கறேன். மிச்சம் இருக்கற கால்லயும் இப்ப குதிகால் ஓரம் ஒண்ணு கிளம்பியிருக்கு. தினம் கழுவிக் கட்டுறது யாரு? நான். பெத்த மக எலிக்குக் கட்டு கட்டப் போறா. இதச் சொன்னா, எம்பொண்ணு எனக்காகத்தான் இந்த வேலைய எடுத்திருக்கான்னு பெருமையா சொல்றான் அந்தப் பைத்தியம்.

போன் பண்ணாம ஏன் எழுதறேன்னு கேக்காத. போன மாசம் நான் பேசிட்டிருக்கும்போதே பட்டுனு வெச்சவ நீ. காகிதத்துலயாவது நான் சொல்ல வந்தத முடிச்சுக்கறேன்.

வாயில்லா ஜீவன் எல்லாம் சாமி குடுத்த உசுரு. அத வதைக்கறதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

அத்தை

உங்கப்பன் எழுதச் சொல்லி உயிர வாங்கறான். யோசிக்கறேன்.

*

மார்ச் 9

அத்தைக்கு,

யோசிப்பதாகச் சொன்னீர்களே, அதுவே பெரிது. அந்த வீட்டில் அது அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

விளக்கமாக எழுதுகிறேன். இங்கே விலங்குகளை வைத்துச் சோதனை செய்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாக லைசென்ஸ் வாங்க வேண்டும். பயிற்சி முடித்துவிட்டேன். எழுத்துத் தேர்வும் முடிந்தது. எலியைக் கையாண்டு காட்டும் தேர்வும் முடிந்தது. அதில் வாலைப் பிடித்துத் தூக்கினால் அங்கேயே தோல்வி. இரண்டு கைகளையும் குவித்து, அதற்கு அடியில் கொடுத்து, அலுங்காமல் எடுக்க வேண்டும். அதன் கண் எவ்வளவு இடுங்கியிருக்கிறது, காது எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது என்று பார்த்தே அதற்கு எவ்வளவு வலி என்று சொல்ல வேண்டும். வலி தாங்க முடியாத அளவுக்குப் போனால், சோதனை பாழானாலும் பரவாயில்லை என்று அந்த நிமிஷமே அதன் உயிரை முடித்துவிட வேண்டும். தாமதித்தால் லைசென்ஸ் போய்விடும். ஓணான் அடிக்கிற பையன்களை யாரும் இப்படிக் கேட்பதில்லை.

மிச்சம் இருப்பது குணச் சான்று மட்டும்தான். எங்கள் பகுதி லைசென்ஸ் அதிகாரிக்கு ஒரு வழக்கம் உண்டு. வாத்தியார் எழுதியதை மூலையில் போட்டுவிடுவார். வளர்த்தவர் தன் கைப்பட எழுத வேண்டும். வலியில் கிடந்த ஒரு விலங்கிடம் இந்தப் பிள்ளை எப்படி நடந்துகொண்டது என்று, கண்டது ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளியே எல்லோரும் நல்லவர்கள், வீட்டில்தான் சாயம் தெரியும் என்பது அவர் கட்சி. அம்மா இல்லை. அப்பா அந்த வருஷங்களில் லாரியில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். ஆகவே, என் கெட்ட நேரம், நீங்கள்.

இந்த மாதத்துக்குள் லைசென்ஸ் வராவிட்டால் என் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். வெளியே வரிசையில் நிற்கிறார்கள்.

உயிர்களைப் பற்றி எனக்குப் பாடம் நடத்த வேண்டாம். உங்கள் சமையல் அலமாரிக்கு அடியில் எப்போதும் ஒரு பசை அட்டை இருக்கும். அதில் ஒட்டிக்கொண்ட எலி விடியும்வரை கத்தும். நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து அந்தச் சத்தத்துக்கு மேல் சாமிப் பாட்டு பாடுவீர்கள். காலையில் அட்டையோடு மடித்துக் குப்பையில் போடுவீர்கள், உயிரோடுதான். அதற்கு உங்களிடம் யாரும் லைசென்ஸ் கேட்டதில்லை. உங்கள் மகன் கோழிக்கடை திறந்த நாளில் முதல் ஆளாகப் போய் நின்று பிரார்த்தனை செய்ததும் நீங்கள்தான்.

நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். அலங்காரம் வேண்டாம்.

*

மார்ச் 15

அடி மேதாவி,

எழுதி அனுப்பிட்டேன். உனக்காக இல்ல. ராத்திரி சாப்பிட மாட்டேன்னு உக்காந்துட்டான் உங்கப்பன், அதுக்காக.

கோழிய வெட்டறது நாலு பேர் சாப்பிட. உன் எலிய யார் சாப்பிடப் போறா, நீயா? பசை அட்டையப் பத்திப் பேச வந்துட்டே. எலிய நான் என்ன வெத்தலை பாக்கு வெச்சா கூப்பிட்டேன்? தானா வருது, தானா ஒட்டிக்குது. அதோட விதி. உன் எலிங்கள நீ கூண்டுல வளர்த்து, பேர் வெக்கறதுக்குப் பதிலா நம்பர் வெச்சு, அப்புறம்தான் ஆரம்பிக்கறே. ரெண்டும் ஒண்ணா?

கீழ நான் எழுதினத அப்படியே எழுதறேன், படிச்சுப் பாரு. எட்டாங்கிளாஸ் எழுத்து எப்படின்னு தெரியட்டும்.

"ஐயா அவர்களுக்கு. இந்தப் பெண்ணை மூன்று வயது முதல் வளர்த்தவள் நான். எறும்பு போனால் சுற்றிக்கொண்டு போவாள். ரத்தம் கண்டால் மயங்கி விழுவாள். ஊசி என்று சொன்னாலே ஓடி ஒளிவாள். எங்கள் வீட்டுப் பூனை பஸ்ஸில் அடிபட்டு இடுப்பு முறிந்து வாசலில் கிடந்தபோது, மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டு அதன் கதையை முடிக்கும்வரை, இப்பிள்ளை கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு தேம்பித் தேம்பி அழுதது. அழுகைச் சத்தம் வாசல்வரை கேட்டது. பல நாள் சோறு இறங்கவில்லை. இப்படி இளகிய மனசுக்காரி கையால் எந்த உயிருக்கும் ஒரு துன்பமும் வராது என்று கடவுள் சாட்சியாகச் சொல்கிறேன்."

உங்கப்பன் கேட்டுட்டுக் கண்ணத் தொடச்சுக்கிட்டான். உன்னப் பத்தி இவ்வளவு நல்லதா எழுத எனக்கே கை கூசிச்சு. இருந்தாலும் எழுதினேன். நன்றி சொல்லத் தெரிஞ்சா சொல்லு.

அத்தை

*

மார்ச் 20

அத்தைக்கு,

நன்றி. என் லைசென்ஸை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

அதிகாரி ஐயா இல்லை, ஒரு பெண்மணி. கால்நடை மருத்துவராக இருந்தவர். என்னை எதிரில் உட்கார வைத்து உங்கள் சான்றைச் சத்தமாகப் படித்தார். ரத்தம் கண்டால் மயக்கம் என்ற இடத்தில் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். ஊசி என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கட்டில் வந்ததும் மடித்து மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "நடு ராத்திரியில ஒரு எலி வலி தாங்காமத் துடிக்குது. பக்கத்துல வேற யாரும் இல்ல. நீங்க என்ன பண்ணுவீங்க? கட்டில் தேடுவீங்களா?"

பக்கத்து மேசையில் இருந்தவர் சிரித்ததை இருமலாக மாற்றினார்.

அத்தை, அவர்களுக்கு வேண்டியது அழுகிற ஆள் அல்ல. அழுகிற ஆள் கையில் ஊசி நடுங்கும், எலிக்குத்தான் கூடுதல் வலி. துடிக்கிற உயிருக்குப் பக்கத்தில் நகராமல் நிற்கிற ஆள்தான் வேண்டும். நீங்கள் இரக்கம் என்று நினைத்து எழுதியது எல்லாம், இவள் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்பதற்கான சாட்சியம். என் எதிரி யாரேனும் உட்கார்ந்து எழுதியிருந்தால்கூட இவ்வளவு நேர்த்தியாக எழுதியிருக்க முடியாது.

அதைவிட மோசம், அது பொய். நான் எந்தக் காலத்திலும் ரத்தத்தைப் பார்த்து மயங்கியதில்லை. கட்டிலுக்கு அடியில் அழுதது நான் இல்லை. உங்கள் மகன். அத்தானுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்தப் பூனை அவர் மடியில்தான் தூங்கும்.

நான் எங்கே இருந்தேன் என்று யாரும் கேட்டதே இல்லை, இப்போது சொல்கிறேன். நான்தான் மாட்டு டாக்டர் வீட்டுக்கு ஓடினேன். அவர் வந்து, தலை அசையாமல் பிடித்துக்கொள், பேசிக்கொண்டே இரு, குரல் கேட்டால் பயப்படாது என்றார். என்ன பேசுவது என்று தெரியவில்லை. வாய்ப்பாடு சொன்னேன். ஏழாம் வாய்ப்பாட்டின் நடுவில் அது அடங்கிவிட்டது. நீங்கள் அந்த நேரம் முழுக்க உள்ளே சாமி படத்துக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றீர்கள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்திருந்தால் யார் என்று தெரிந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்ட அழுகைக்குக் கடவுளைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறீர்கள்.

எழுதியவர் திருத்தினால்தான் திரும்பப் பார்ப்பார்களாம். உண்மையை எழுதி அனுப்புங்கள்.

*

மார்ச் 23

என்னடி சொன்னே? எம்பையனா?

ஆறடி ஆளு அவன். அவன் தெருவுல நடந்து வந்தா நாய் எந்திரிச்சு ஒதுங்குது. கோழிக்கடை நடத்தறவன், அவன் கட்டிலுக்கு அடியில தேம்பினானாம். உனக்கு வேலை வேணும்னா வேற ஏதாவது கதை கட்டு, எம்புள்ளைய கோழையாக்காத. அவனுக்கு இப்பதான் ரெண்டு இடத்துல பொண்ணு பாத்துட்டிருக்கோம்.

சந்தேகம் வேண்டாம்னு அவனையே கேட்டேன், சாப்பிட உக்காந்தப்போ. பூனை செத்த அன்னைக்கு அழுதது நீயாடா, உன் மாமன் மக சொல்றா பாருன்னேன். சிரிச்சான். அப்புறம் தட்ட நகத்திட்டு எந்திரிச்சுப் போயிட்டான். வீண்பழியக் கேட்டா யாருக்குத்தான் சோறு இறங்கும்?

பூனைய பிடிச்சது நீயா? டாக்டரோட உதவியாள் பிடிச்சாரு. எனக்குத் தெரியும். நான் உள்ள நின்னேன், இல்லேங்கல. சாமி கும்பிட்டா கண்ண மூடத்தான் செய்வாங்க. ஆனா காது தெறந்துதான் இருந்துச்சு. அது புள்ளைக் குரல், பொண்ணுக் குரல். ஒன்பது வயசுப் பொண்ணு அன்னைக்கு வாய்ப்பாடு சொன்னாளாம். பள்ளிக்கூடத்துல கேட்டா முழிப்பே, பூனைக்குச் சொன்னியாக்கும்.

இன்னொண்ணும் கேட்டுக்கோ. இரக்கம் இருந்தா வேலை கிடையாதுன்னு சொல்ற அலுவலகம் என்ன அலுவலகம்? கசாப்புக் கடையில கூட அப்படிச் சொல்ல மாட்டாங்க. அங்க போய் வேலை கேட்டு நிக்கறியே, வெக்கமா இல்ல?

எழுதினது எழுதினதுதான். சாமி மேல சத்தியம் பண்ணி எழுதினத நான் மாத்த மாட்டேன்.

உங்கப்பன் குதிகால்ல புண்ணு கொஞ்சம் பெருசாயிருக்கு. இத உனக்கு எழுத வேண்டாம்னு சொன்னான். எழுதிட்டேன்.

அத்தை

*

மார்ச் 25

அத்தைக்கு,

மாட்டு டாக்டருக்கு உதவியாள் கிடையாது. தனியாக சைக்கிளில் வருவார். தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அத்தானைப் பற்றி ஒன்று மட்டும். அவர் கடையில் வெட்டுவதற்குத் தனியாக ஆள் இருக்கிறான். அவர் கல்லாவில், வெட்டும் இடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். ஏன் என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? அழுதது கேவலம் என்று நான் சொல்லவில்லை. நீங்கள்தான் சொல்கிறீர்கள். என்னைப் பற்றிச் சொன்னால் அது இளகிய மனசு, அவரைப் பற்றிச் சொன்னால் கோழைத்தனம்.

நீங்கள் திருத்த மாட்டீர்கள் என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். அவரே ஒருநாள் அங்கே நேரில் வந்து கேட்பதாகச் சொன்னார். என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். நான் இனி இதைப் பற்றி எழுதப் போவதில்லை. மேசையைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டேன்.

அப்பாவை இந்த வாரமே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். களிம்பு தடவிக்கொண்டு காத்திருக்காதீர்கள். எலியிடம் கற்றுக்கொண்டதுதான்: வெளியே தோல் மூடியிருக்கும், உள்ளே புண் ஆழமாகப் போய்க்கொண்டிருக்கும்.

*

மார்ச் 29

வந்தா உன் அதிகாரி. ஜீப்புல வந்து இறங்குவாங்கன்னு பாத்தா, பஸ்ஸ விட்டு இறங்கி, தோள்ல ஒரு பைய மாட்டிக்கிட்டு, வியர்வையத் தொடச்சுக்கிட்டே வர்றா. நரைச்ச தலை, வாராத தலை. இவங்க கையெழுத்துக்கா நீ இவ்வளவு அழுத்தம் குடுத்தேன்னு நினைச்சுக்கிட்டேன். உங்கப்பன் காலை முக்காலி மேல வெச்சு உக்காந்திருந்தான். முதல்ல அதத்தான் குனிஞ்சு பாத்தாங்க. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க, நாளன்னைக்குன்னு தள்ளாதீங்கன்னாங்க. நீயும் அதையேதான் எழுதியிருந்தே. சரி, பெரிய கண்டுபிடிப்பு. கூட்டிட்டுப் போயாச்சு, கேளு. புண்ணு எலும்பு வரைக்கும் போகலையாம். அங்கேயே படுக்கவெச்சிருக்காங்க. இப்பவும் நான் ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்துதான் எழுதறேன்.

அன்னைக்கு நடந்ததச் சொல்றேன். எம்பையனும் கடைய விட்டு வந்திருந்தான். அந்தம்மா நான் எழுதினத எடுத்து வெச்சுக்கிட்டு, இது நீங்க கண்ணால பாத்ததா, காதால கேட்டதான்னு கேட்டாங்க. சாமி சத்தியமா நடந்ததுன்னேன். அது நான் கேட்டதுக்குப் பதில் இல்லீங்களேன்னாங்க. என்ன திமிரு பாரு, என் வீட்டுல உக்காந்துக்கிட்டு. கட்டிலுக்கு அடியில பாத்தீங்களான்னாங்க. நான் எம்பையனப் பாத்தேன். அவன் சுவத்துல இருந்த காலண்டரப் பாத்தான்.

அப்பதான் அந்தச் சனியன் கத்த ஆரம்பிச்சுது. அலமாரிக்கு அடியில, அட்டையில. ராத்திரியே ஒட்டியிருக்கும் போல. நான் கொஞ்சம் சத்தமா பேசினேன். அதுவும் சத்தமா கத்துச்சு. எம்பையன் செருப்பத் தேடிக்கிட்டே தெருவுக்குப் போயிட்டான். கடையில வேலை இருந்திருக்கும்.

அந்தம்மா பேச்ச நிறுத்திட்டாங்க. கேக்காம கொள்ளாம தரையில படுக்காத குறையா குனிஞ்சு அட்டைய இழுத்தாங்க. சமையல் எண்ணெய் கேட்டாங்க. குடுத்தேன், மரியாதைக்கு. எண்ணெய விரல்ல தொட்டுத் தொட்டு ஒவ்வொரு காலா பிரிச்சாங்க. அது சும்மா இருக்குமா, விடுபட்ட கால் நகத்தால மணிக்கட்டப் பிறாண்டிடுச்சு. கைய இழுக்கவே இல்ல அந்தம்மா. எலிகிட்ட ஏதோ முணுமுணுன்னு பேசிட்டே இருந்தாங்க. அதிகாரி வேலைக்குப் படிச்சவ எலிகிட்டப் பேசிட்டு இருக்கா, நான் பாத்துட்டு நிக்கறேன்.

அப்புறம் நிமிர்ந்து, "பின்னங்கால் ஒடிஞ்சிருக்கு, தோல் உரிஞ்சிடுச்சு. காது ரெண்டும் பின்னால மடிஞ்சு, கண்ண இடுக்கிக்குது பாருங்க. இத விட்டா ரெண்டு நாள் துடிச்சுட்டுதான் சாகும். முடிச்சிடறேன்"னாங்க. எங்கிட்ட அனுமதி கேக்கற மாதிரி ஒரு பார்வை. நான் சுவத்துப் பக்கம் திரும்பி கண்ண மூடிக்கிட்டேன். உங்கப்பன், "அக்கா, கண்ணத் தொற"ன்னான். அவனுக்கு இப்பல்லாம் ரொம்ப வாய்.

தொறந்தேன். துணியால மூடி, ஒரு அழுத்தம், அவ்வளவுதான். சத்தம் நின்னுடுச்சு. இத்தனை வருஷமா விடியற வரைக்கும் நான் பாடின பாட்டுக்கு நிக்காத சத்தம்.

அந்தம்மா என்னை ஒண்ணும் சொல்லல. அட்டையப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. திட்டியிருந்தா நானும் நாலு திட்டியிருப்பேன். கை கழுவத் தண்ணி கேட்டாங்க. மணிக்கட்டுல ரத்தம். வீட்டுக்கு வந்தவங்க ரத்தத்தோட போகக் கூடாதேன்னு மருந்த எடுத்துட்டு வந்து, கையப் பிடிச்சு, நானே தடவி விட்டேன். எரியும்னு ஊதினேன் கூட. அவ்வளவு அடக்கமா கைய நீட்டிட்டு உக்காந்திருந்தாங்க. அப்புறம் பைய மாட்டிக்கிட்டு, "வேற எதாவது ஞாபகம் வந்தா சொல்லுங்க. மாசக் கடைசி வரைக்கும் நான் மூட மாட்டேன்"னு நம்பர எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க. ஞாபகம் வர என்ன இருக்கு, எல்லாம் எழுதியாச்சுன்னு நான் அவங்க முகத்துக்கு நேராவே சொல்லி அனுப்பிட்டேன்.

அட்டையத் தூக்கி எறிஞ்சுட்டேன். நீ சொன்னதுக்காக இல்ல. எண்ணெய் பட்டுட்டா அப்புறம் ஒட்டாது.

இங்க நர்ஸு இப்பதான் உங்கப்பன் கையில ஊசி ஏத்த வந்தா. நரம்பு கிடைக்காம ரெண்டு இடத்துல கீறிட்டா. அதுல நான் மருந்து வெச்சு ஊதினேன். ஊதும்போதே ஒண்ணு ஞாபகம் வருதுடி. பூனை செத்த அன்னைக்கு சாயங்காலம் உன் இடது மணிக்கட்டுல இதே மாதிரி நான் மருந்து போட்டேன். மூணு கீறல், ஆழமா. என்னடி இதுன்னு கேட்டதுக்கு முள்ளு கிழிச்சுதுன்னு சொன்னே. நம்ம தெருவுல ஒரு முள்ளுச்செடி கூடக் கிடையாது.